கழுவிவந்த கால்கள்

பெரிய வியாழக்கிழமை மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவுவார். எங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் கோயிலுக்கு வருவோம். நகம் வெட்டுவோம். குதிகால் வெடிப்பைத் தேங்காய் நாரால் தேய்ப்போம். பவுடர் போட்டு வருகிறவர்களும் உண்டு. சாமியாரின் கையில் அழுக்குப் படக்கூடாது என்பது எங்கள் எண்ணம்.

பீடத்துக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் கடைசி நாற்காலி என்னுடையது. வலது காலை மட்டும் நீட்ட வேண்டும். உபதேசியார் தாம்பாளத்தைப் பிடித்தார். சாமியார் தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றி, குனிந்து பாதத்தை முத்தமிட்டார்.

தண்ணீர் கணுக்காலில் பட்டது தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. சாமியாரின் மூக்குக்கண்ணாடி விளிம்பு என் பாதத்தில் இடித்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும்.

அன்று காலையில் வீட்டில் அந்தக் காலைத் தேய்த்துக் கழுவியவன் நான்தான். அப்போது ஏன் தெரியவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தேய்க்கிற கைக்கு உணர்வு இருந்தது. அதையே காலின் உணர்வு என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த நோய் தொடங்கும் விதம் இது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது கையிலோ காலிலோ ஓர் இடம் மரத்துப் பேசாமல் இருந்தால், உங்கள் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு வேறொருவரைத் தொடச் சொல்லுங்கள்.

நான் அப்போது தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தேன். தோணிகளில் ஏறுகிற இறங்குகிற சரக்கை எண்ணிச் சரிபார்க்கும் வேலை. கடலுக்குள் புதுத் துறைமுகம் கட்டி அங்கே கப்பல்கள் கரை சேரத் தொடங்கியிருந்த காலம். எனக்கு வயது நாற்பத்தாறு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் என் மனைவி செலினும் மட்டும். தினமும் காற்று எந்தப் பக்கம், எந்தத் தோணி போயிற்று, பூசையில் என்ன வாசகம் என்று டைரியில் எழுதிவைப்பது என் பழக்கம். அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் ‘வலது பாதம் மரத்துவிட்டது, நாற்காலியில் உட்கார்ந்ததால்’ என்று எழுதியிருக்கிறேன்.

தமிழில் பூசை வந்த பிறகு கோயிலில் நிருபம் (அப்போஸ்தலர்கள் எழுதிய கடிதம்) வாசிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஞாயிறு மாலையில் ஆண்கள் சபை கூடும். அங்கேயும் நான் வாசிப்பேன். விளக்கம் சொல்வது சபைத் தலைவர் ஞானப்பிரகாசம். அவர் செலினின் அண்ணன், எனக்கு மச்சான். சிறு வயதிலிருந்தே என் சிநேகிதரும் அவர்தான்.

மச்சானுக்குப் பிடித்தது யாகப்பர் நிருபம். வசனத்தைக் கேட்டுவிட்டு அதன்படி செய்யாதவன், கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தண்டை போனதும் தன் முகம் எப்படியிருந்தது என்று மறந்துபோகிறவனைப் போன்றவன் என்று அதில் வரும். அந்த இடத்தில் மச்சான் சட்டைப்பையில் சீப்போடு வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, முகம் பார்த்து, சட்டென்று கவிழ்த்துக் காட்டுவார். “ஏலே, இப்ப என் மூக்கு எப்படி இருந்துது? எனக்கே தெரியலியே!” என்பார். சபை சிரிக்கும். ஒவ்வொரு வருடமும் சிரிப்போம்.

*

கால் மரத்துப்போனது சரியாகவில்லை. கெண்டைக்காலில் வெளுத்த தேமல் ஒன்று இருப்பதைச் செலின்தான் முதலில் பார்த்தாள். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நான் வெறுங்காலோடு வீடு வந்த அன்று, “நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போறோம்” என்று சொல்லிவிட்டாள்.

தோல் நோய்க்கென்று வாரத்தில் ஒரு நாள் தனியாக நடக்கும் கிளினிக் அது. வராந்தாவில் காத்திருந்தவர்களில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டாக்டர் ரங்கநாயகி ஸ்ரீவைகுண்டத்துக்காரர். நெற்றியில் கீற்றுப்போலத் திருமண். என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சால் தொடுவதாகவும், தொடும்போதெல்லாம் ‘ம்’ சொல்லும்படியும் சொன்னார்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஆரம்பிக்கலாமே டாக்டர்” என்றேன்.

“முடிஞ்சாச்சு” என்றார் அவர்.

முழங்காலுக்கு வெளிப்புறமும் கணுக்காலுக்குப் பின்புறமும் விரலால் அழுத்தி, தடித்துக் கயிறுபோல் உருளும் நரம்பை எனக்கே காட்டினார். காது மடலில் மெல்லக் கீறி எடுத்த நீரைச் சோதித்ததில் கிருமி இல்லை. தொழுநோய்தான், ஆனால் பிறருக்குப் பரவாத வகை. டாப்சோன் (இந்நோய்க் கிருமியை அடக்கும் மாத்திரை) சில வருடங்கள் விடாமல் சாப்பிட வேண்டும்.

“போன உணர்ச்சி திரும்பி வருமா டாக்டர்?”

“சொல்ல முடியாது. வராதுன்னே வச்சுக்கிடுங்க. உங்க வீட்டு நாய் செத்துப்போச்சு மிக்கேல். இனிமே திருடன் வந்தா குரைக்க ஆள் இல்லை. நீங்கதான் கண்முழிச்சுப் பாத்துக்கிடணும். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில பாருங்க. வெறுங்காலோட ஒரு அடி வைக்கக்கூடாது. வீட்டுக்குள்ளயும்.”

செலின் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “டாக்டரம்மா, சோறு ஒரே பானையிலதான பொங்கணும்?”

“ஆமா. ஒரே பானை, ஒரே தட்டு.”

“அப்பச் சரி.”

சொன்னாளே தவிர, முதல் சில நாட்கள் குசினியில் என் தம்ளரை மட்டும் சாம்பல் போட்டு இரண்டு தடவை தேய்த்தாள். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். என் தம்ளரில் மிச்சமிருந்த காப்பியை எடுத்துக் குடித்தாள். அதன் பிறகு அந்தத் தம்ளர் மற்றத் தம்ளர்களோடு சேர்ந்துவிட்டது.

*

மச்சானிடம் நானே சொன்னேன். கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே சொன்னேன். அவர் நின்றுவிட்டார். லேஞ்சியை (கைக்குட்டையை) எடுத்துக் கண்ணைத் துடைத்தார். என்னைக் கட்டிப்பிடித்தார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று, சட்டைப்பையிலிருந்த செபமாலையை என் கையில் வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்து வாக்குக் கொடுத்தார். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அது பொய்யாக இருந்திருந்தால் பின்னால் நடந்தவற்றைத் தாங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

செப்டம்பரில் சிலுவைத் திருநாள். மணப்பாட்டு மணற்குன்றின் மேலிருக்கும் சிலுவைக் கோயிலுக்கு, குலசேகரன்பட்டினம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடப்பது எங்கள் சபையாரின் வழக்கம். “இந்த வருசம் உமக்காக நேந்துக்கிட்டேன் மச்சான்” என்றார் ஞானப்பிரகாசம். “நாம ரெண்டு பேரும் ஒண்ணா நடக்கோம்.”

வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

“டாக்டரம்மா சொல்லுதது சரிதான் வே. ஆனா நேர்ச்சைன்னா நேர்ச்சை. சப்பாத்துப் போட்டுக்கிட்டு சிலுவைகிட்டப் போவீரா? விசுவாசம்னு ஒண்ணு வேண்டாமா?”

நான் சம்மதித்தேன். செலின் என் ரப்பர் செருப்பைத் துணிப்பையில் போட்டுக் கையில் கொடுத்தாள். “கால் உங்களுது. புண்ணு வந்தா கட்டுப்போடுதவ நான். அதையும் யோசிச்சுக்கிடுங்க” என்றாள்.

அன்று வெயில் கடுமை. மணல் வறுசட்டியாகக் காய்ந்தது. சபையார் துள்ளித் துள்ளி ஓடினார்கள். அலை நனைத்த ஈர மணலைத் தேடிப் போனார்கள். உடை மர நிழல் கண்ட இடத்தில் எல்லாம் நின்று பாதத்தை ஊதிக்கொண்டார்கள். நான் ஒரே சீராக நடந்தேன். இடது கால் மட்டும் சுட்டது.

“ஏலே, மிக்கேல் மச்சானப் பாருங்கலே! பூவுல நடக்குத மாதிரி நடக்குதாரு!” என்று மச்சான் உரக்கச் சொன்னார்.

“உம்ம கால் என்ன இரும்பாவே?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், “நிருபம் வாசிக்குத காலு வே, சும்மாவா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு ஏன் வலிக்கவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர ஒருவருக்குத்தான் தெரியும். அவர் என் பக்கத்தில் வந்து, காதோடு சொன்னார்: “பாத்தீரா? சர்வேசுரன் தாங்குதாரு.” அவர் முகம் பிரகாசமாக இருந்தது. அவர் அதை நம்பினார். அந்தக் கணத்தில் நானும் பாதி நம்பினேன். தாங்கப்படுவது என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கோயில் படிகளில் ஏறும்போது எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண், “ஐயா, கால்ல ரத்தம்” என்றாள். திரும்பிப் பார்த்தேன். ஒன்று விட்டு ஒரு படியில் சிவப்பாக வட்டம் வட்டமாக இருந்தது. உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பினேன். உடைமுள் ஒன்று முழுசாக உள்ளே போய் முறிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் கொப்புளம். அது என் கால் என்றே தோன்றவில்லை. யாருடையதோ ஒரு காலை மடியில் வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. மச்சான் தன் லேஞ்சியால் அதைக் கட்டினார். “யார்கிட்டயும் சொல்லாதயும். அடையாளம் நல்லாத்தான் இருந்துது, கடைசியில இப்படி” என்று முணுமுணுத்தார். அற்புதம் கெட்டுப்போனதில் அவருக்கு வருத்தம்.

*

காய்ச்சல் வந்து, தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதுக்கோட்டை தாண்டி, ஊருக்கு வெளியே இருந்த ஆஸ்பத்திரி அது. டாக்டர் ரங்கநாயகி வாரத்தில் சில நாள் அங்கே வருவார்.

“வெறுங்காலோட யாரு நடக்கச் சொன்னா?”

“நேர்ச்சை டாக்டர்.”

“யாரு நேந்துக்கிட்டது? காலா?”

எக்ஸ்ரே எடுத்தார்கள். புண்ணின் சீழ் எலும்பைத் தொட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. தொட்டிருந்தால் முன்பாதத்தை எடுக்க வேண்டி வரும். கட்டைவிரலுக்குப் பின்னாலிருக்கும் எலும்பின் முனையில் நிழல்போல ஏதோ தெரிந்தது. பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். முள்ளை எடுத்து, செத்த சதையை வெட்டி, முழங்கால் வரை மாவுக்கட்டு (எலும்பு முறிவுக்குப் போடுவது போன்ற கெட்டியான கட்டு, புண்ணின் மேல் பாரம் விழாமல் காக்கும்) போட்டார்கள்.

இந்தக் கட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வலிக்கவில்லையே என்று எழுந்து நடக்காதீர்கள். இந்தக் கால் ஆறுகிறதா அழுகுகிறதா என்பதை நமக்குச் சொல்லாது. மூக்குத்தான் சொல்லும். தினமும் கட்டின் விளிம்பில் முகர்ந்து பாருங்கள். நான் காலையில் கண் விழித்ததும் செபத்துக்கு முன்னால் அதைத்தான் செய்தேன்.

செலின் பஸ் ஏறிச் சோறு கொண்டுவருவாள். ஒரு திங்கட்கிழமை வந்தவள் கேரியரைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன?” என்றேன்.

“நேத்துப் பூசையில அண்ணன் மைக்குல சொல்லிட்டான்.”

“என்னன்னு?”

“பெருவியாதியால வாதைப்படுத நம்ம சகோதரர் மிக்கேலுக்காக மன்றாடுவோம்னு. எல்லாரும் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்னாங்க.”

“நீ?”

“நானும் வாய்ப்பழக்கத்துல சொல்லிட்டேன். பாதி சொன்னப்பறந்தான் யாருக்குன்னு உறைச்சுது.”

கேரியரைத் திறந்தாள். சாளைக் குழம்பு. நான் சாப்பிடவில்லை. “நீங்க பட்டினி கிடந்தா அவனுக்கா வயிறு எரியப்போவுது? தின்னுங்க” என்றாள். அதன் பிறகு சாப்பிட்டேன்.

மச்சான் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை வந்தார். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி, சன்னலோரம் நின்றார். ஏன் மைக்கில் சொன்னீர் என்று நான் கேட்டதற்கு அவர் முகத்தில் ஆச்சரியம்தான் தெரிந்தது.

“செபிக்கத்தான வே சொன்னேன்! ஊர் முழுக்க உமக்காக முழங்கால் போட்டுது. பேர் சொல்லாம செபிச்சா சர்வேசுரனுக்கு யாருன்னு எப்படித் தெரியும்?”

“அவருக்குத் தெரியும் மச்சான். ஊருக்குத்தான் தெரியாம இருந்துது.”

“நீரு நோவுல பேசுதீரு” என்றார். போகும்போது வாசலில் நின்று எனக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கும். செபமாலையின் மேல் வைத்த அந்தக் கை எனக்குத் தெரியும். அதே கையால்தான் மைக்கையும் பிடித்திருக்கிறார். இரண்டு தடவையும் எனக்கு நல்லது செய்வதாகவே எண்ணியிருக்கிறார்.

யாரிடம் சொல்வது என்று இந்த நோயுடையவர்கள் என்னைக் கேட்பதுண்டு. உங்களோடு ஒரே பானையில் சாப்பிடுகிறவரிடம் சொல்லுங்கள். உங்களுக்காகச் செபிக்கிறவரிடம் சொல்வதற்கு முன் யோசியுங்கள். இதை எழுத எனக்குச் சந்தோஷமில்லை.

*

எலும்பு தப்பியது. மாவுக்கட்டைப் பிரித்தபோது புண் மூடி, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. அந்தத் தோல் வெடிக்காமல் பார்த்துக்கொண்டால்தான் கால் நிலைக்கும். மறுபடி புண் வந்தால் முன்பாதம் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை பாதி வைத்தியம்தான்.

“மீதி?”

“காலைக் கழுவுறதுதான்.”

தினமும் சாயங்காலம் பேசினில் தண்ணீர் விட்டுக் காலை ஊறவைக்க வேண்டும். காய்த்த தோலைக் கல்லால் மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். ஈரம் போகுமுன் எண்ணெய் தடவ வேண்டும். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைத்த செருப்பைப் போடுமுன் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் தோல் காய்ந்து வெடிக்கும்.

செலின் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். தண்ணீரின் சூட்டை அவள் முழங்கையால் பார்ப்பாள். என் காலை நம்ப முடியாது. என் சவரக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து உள்ளங்காலை எனக்குக் காட்டுவாள். பிரசங்கத்தில் தூங்கிவிடுகிறாள் என்று அண்ணனிடம் வருடக்கணக்கில் திட்டு வாங்கியவள் அவள். ஒரு நாள் கல்லால் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “சேசுநாதர் பன்னெண்டு பேருக்குக் கழுவினாரு, ஒரு நாளோட சரி. எனக்கு ஒத்தக்காலு, தெனம் கழுவணும். யாருக்கு மோட்சம் பெருசுன்னு அங்க போய்க் கேக்கணும்.”

நான் வேலைக்குத் திரும்பினேன். அலுவலகத்தில் எனக்குத் தனிக் குவளை வைத்தார்கள். கோயிலில் நான் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அந்த நீளமான பெஞ்சு முழுவதும் என்னுடையதாயிற்று. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நான் எதிர்பார்த்திருந்தது ஒன்றைத்தான். பெரிய வியாழக்கிழமை வரும். அந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவேன். சாமியார் தொடுவார். ஊர் பார்க்கும். அதன் பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

தவக்காலத்தின் முடிவில் சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, மிகவும் மென்மையாகப் பேசினார்.

“சபைக்காரங்க ஒரு முடிவெடுத்திருக்காங்க மிக்கேல். எனக்கு ஒரு பயமும் இல்லை. ஆனா ஒரே துண்டாலதான் எல்லாருக்கும் துடைக்கிறோம். ஜனங்க அஞ்சுறாங்க.”

“சாமி, எனக்கு இது பரவாத வகைன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அதோட, என் நாற்காலி கடைசி நாற்காலி. துண்டு என்கிட்ட வந்தப்பறம் யார்கிட்டயும் போறதில்லை.”

“உமக்காகத் தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன்” என்றார்.

*

வியாழக்கிழமை பிற்பகல் மச்சான் வீட்டுக்கு வந்தார். வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை. பன்னிரண்டு பேரில் அவருடையது முதல் நாற்காலி. கால்கள் பளிச்சென்று இருந்தன. அவை வாசல் மண்ணில் படாதபடி செருப்போடு நடுவீடு வரை வந்துவிட்டார்.

“மனசுல வச்சுக்கிடாதயும் வே. வாசகம் நீரே வாசிக்கணும்னு சாமியார்கிட்ட நான்தான் அடிச்சுச் சொன்னேன். உம்ம குரல் வேற யாருக்கு வரும்? கால் மட்டும் இந்த வருசம் வேண்டாம்.”

செலின் குசினியிலிருந்து பேசினை எடுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் தளும்பியது. அதை என் முன்னால் வைக்காமல் அவள் அண்ணன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் கல்லையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் வைத்தாள்.

“அண்ணே, எனக்கு இன்னைக்குக் கை நோவுது. நீ கழுவி விடு.”

“ஏளா, வெளையாடாத.”

“வெளையாடல. பூசைக்கு இன்னும் நேரம் கெடக்கு. தண்ணி சூடு பாத்துட்டேன். கால ஊறவச்சு, இந்தக் கல்ல வச்சு மெள்ளத் தேய்க்கணும். அவ்வளவுதான். இருபது வருசமா நீ சொல்லி நான் கேட்டிருக்கேன். ஒரு நாளு நீ செய்யி, நான் பாக்கேன்.”

நான் அவளைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றி, கணுக்காலைக் கையால் தூக்கி, காலைப் பேசினில் வைத்தேன்.

மச்சான் குந்தினார். மெய்யாகவே குந்தினார். வேட்டியை மடித்துக்கொண்டார். சட்டைக் கையைச் சுருட்டினார். அவர் உதடு அசைந்தது. செபம் சொல்கிறார் என்று தெரிந்தது. வலது கை தண்ணீருக்குள் இறங்கியது. விரல்கள் நனைந்தன. என் பாதத்துக்கும் அவர் விரல்களுக்கும் நடுவில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. அவர் தொட்டால் எனக்குத் தெரியாது. அதனால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை அப்படியே நின்றது. பிறகு மேலே வந்தது.

“பூசைக்கு நேரமாச்சு” என்றார். எழுந்தார். விரல்களை லேஞ்சியில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. “நாளைக்கு வாரேன் ஏளா. கண்டிப்பா வாரேன்.”

தலை கலைந்திருந்தது போலும். சட்டைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து, முகம் பார்த்து, சீவிக்கொண்டார். கண்ணாடியைப் பையில் போட்டார். போய்விட்டார்.

செலின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். “தொட்டுருவான்னு நெனச்சேன்” என்றாள். அன்றைக்குத்தான் அவள் அழுது நான் பார்த்தது. எனக்கு நோய் என்று சொன்ன அன்றுகூட அவள் அழவில்லை.

நான் காலைப் பேசினிலிருந்து எடுத்துத் துடைத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். கோயிலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். அப்படிப் போனது அதுவே முதல் தடவை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வாசிக்கும் நேரம் வந்தபோது உபதேசியார் என்னைத் தேடிப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. அவரே வாசித்தார். பிறகு சாமியார் ஒவ்வொரு நாற்காலியாக முழங்காலில் நகர்ந்து வந்தார். பன்னிரண்டாவது நாற்காலியில் உப்பு வியாபாரி ஒருவர் இருந்தார். கழுவிவந்த கால்களின் மேல் ஊற்றிய தண்ணீர் தாம்பாளத்தில் தெளிவாகவே விழுந்தது. பெரிய வியாழக்கிழமைப் பூசையில் வானவர் கீதத்துக்குப் பிறகு மணி ஒலிக்காது. அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தோடு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் புழுதி.

செலின் பேசினில் புதுத் தண்ணீர் விட்டு வைத்திருந்தாள். என் காலைப் பார்த்தாள்.

“இம்புட்டு அழுக்கோடயா கோயில்ல இருந்திய?”

“ஆமா.”

“இங்கன நீட்டுங்க” என்றாள்.

*

மச்சான் மறுநாள் வரவில்லை. பாஸ்குவுக்கும் (ஈஸ்டருக்கும்) வரவில்லை. தெருவில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார். எனக்காகச் செபிப்பதாக ஆள் அனுப்பிச் சொல்வார். அவர் இன்னும் யாகப்பர் நிருபத்துக்கு விளக்கம் சொல்கிறார் என்றும் சபை இன்னும் சிரிக்கிறது என்றும் கேள்விப்படுகிறேன். நான் பூசைக்குப் போகிறேன். வாசிப்பதில்லை.

மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டர் போன வருடம் சொன்னார். நோய் போய்விட்டது. கால் திரும்பி வரவில்லை. அதற்கு வெயிலும் மழையும் ஒன்றுதான். படியில் நிற்கும்போது வலது கால் எங்கே இருக்கிறது என்பதை இடது காலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். முன்பெல்லாம் என் பொழுது தோணிகளோடு போகும், வரும். இப்போது அது மாலையில் ஒரு பேசினுக்குள் வந்து நிற்கிறது. தண்ணீர் ஆறும் வரை வேறு எதற்கும் நேரமில்லை.

கடைசியில் செலின் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிப்பாள். தழும்பின் ஓரம் எப்படியிருக்கிறது, நேற்று இருந்த சிவப்பு இன்று இருக்கிறதா, எங்காவது புதுக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பேன். பார்த்தது மறுநாள் மாலை வரை நினைவில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும். கண்ணாடியைக் கவிழ்த்த பிறகு அவள் தினமும் கேட்பாள், “எப்படி இருந்துது, சொல்லுங்க.”

நான் சொல்வேன்.